பாதிக்கு மேல் அண்டை நாடு

தண்ணீருக்கும் நாடு உண்டு என்ற வாக்கியத்தை எழுதியவன் ரெஃபிக். அதற்காக அவனுக்கு ஜன்னல் உள்ள அறை கொடுத்தார்கள்.

துருக்கியின் தலைநகர் அங்காராவில், அண்டை நாட்டு விவகாரங்களுக்கென்று புதிதாக உண்டாக்கிய நீர்ப் பொறுப்பு இயக்ககத்தில் அவன் சட்ட வரைவாளன். வயது முப்பத்தொன்பது. இயக்ககத்தின் தலைவர் நெவ்ஸாத் பே. பே என்பது மரியாதைக்கு. அதை விட்டுவிட்டுக் கூப்பிட்டவர் யாரும் அந்த மாடியில் நீடித்ததில்லை.

எல்லாம் ஒரு சிறு கருவியிலிருந்து தொடங்கியது. காய்ச்சல் பார்க்கும் கருவியின் அளவுதான். அதைக் கொண்டுவந்த பொறியாளரை நெவ்ஸாத் பே நிற்கவைத்துக் கேட்டார்.

"சுருக்கமா சொல்லுங்க. இது என்ன பண்ணும்?"

"யூப்ரடீஸ் அணையில தண்ணிய வெளிய விடும்போது ஒரு குறி சேர்த்துடறோம் ஐயா. நிறம் இல்ல, ருசி இல்ல, கெடுதலும் இல்ல. ஆனா தண்ணி போற இடமெல்லாம் குறியும் போகும். வயலுக்கு, கோதுமைக்கு, ஆட்டுக்கு. கடைசியா ஆளுக்கு. நாக்குக்கு அடியில இதை வெச்சா, அந்த ஆள் உடம்புல இருக்கிற தண்ணில எத்தனை சதவீதம் நம்மதுன்னு காட்டும்."

"ஒரு ஆள் உடம்புல எவ்வளவு தண்ணி?"

"பாதிக்கு மேல."

நெவ்ஸாத் பே சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதில் நதிகளை அம்புகளாக வரைந்திருந்தார்கள். எல்லா அம்புகளும் வெளியே போயின. சிரியாவுக்கு, ஈராக்குக்கு, ஜார்ஜியாவுக்கு.

"அப்ப எல்லைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனும் பாதிக்கு மேல நம்ம ஆள்."

பொறியாளர் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவருக்கு ஒரு பதவி உயர்வு நிலுவையில் இருந்தது.

ரெஃபிக் ஒரே மதியத்தில் எழுதி முடித்தான். பன்னிரண்டு பத்திகள். ஒரு நாட்டின் நீரை உடலில் பாதிக்கு மேல் சுமப்பவர், எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும், அந்த நாட்டின் பொறுப்பு. படித்துவிட்டு நெவ்ஸாத் பே கண்ணாடியைக் கழற்றினார். அது பாராட்டு.

மூன்று மாதத்தில் எல்லைக்குத் தெற்கே நாற்பத்தொரு கிராமங்கள் பொறுப்புக்குள் வந்தன. ராணுவம் போனது. படையெடுப்பு என்று யாரும் எழுதக்கூடாது. 'தன் நீரைப் பார்த்துவரச் சென்றது' என்று எழுத வேண்டும். அந்தத் தொடரும் ரெஃபிக்குடையதே. சிப்பாய்கள் வீடு வீடாகப் போய் நாக்கைத் தூக்கச் சொன்னார்கள். பாதியைத் தாண்டியவருக்கு நீல அட்டை. ஒரு கிராமத்தில் ஒரு பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டினா தண்ணி விடுவாங்களா?" என்று கேட்டதாக அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த மாதம் அணையை மூடியிருந்தார்கள். நெவ்ஸாத் பே அந்த வரியை அடித்தார். "அறிக்கையில கேள்வி வரக்கூடாது" என்றார்.

மற்ற அண்டை நாடுகள் ஜாக்கிரதையாயின. பேச்சுவார்த்தைக்கு வந்த கிரேக்கர்கள் சொந்தப் புட்டிகளோடு வந்தார்கள். ஈராக்கியர் பகல் முழுதும் தாகத்தோடு உட்கார்ந்துவிட்டு விமானத்தில் போய்க் குடித்தார்கள். பல்கேரியத் தூதரை முத்தமிட்டு வரவேற்றபோது அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அறுபது குவளைத் தேநீர் மேசையில் ஆறி, அப்படியே சமையலறைக்குத் திரும்பியது. பரிமாறுகிறவர் முப்பது வருட ஊழியர். மறுநாள் விடுப்பில் போனார்.

ஐந்தாவது மாதம் டமாஸ்கஸிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு பத்திகள்.

நெவ்ஸாத் பே ரெஃபிக்கைக் கூப்பிட்டார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

ரெஃபிக் படித்தான். "ஆமாங்கய்யா. நதியோட பேரை மட்டும் மாத்தியிருக்காங்க."

"அஸின்னு ஒரு நதியா?"

"லெபனான்ல பொறந்து, சிரியா வழியா வந்து, இங்க கடல்ல சேருது."

"இங்கன்னா?"

"அந்தாக்யா. ஊர் நடுவுல ஓடுது."

"இந்த வரைபடத்துல ஏன் இல்ல?"

ரெஃபிக் எழுந்துபோய்ப் பார்த்தான். "இருக்கு ஐயா. ஓரத்துல. மரச்சட்டகம் மறைச்சிருக்கு."

"குறியும் கருவியும் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ரெண்டு மாசம் முன்னாடி நம்ம ஏற்றுமதிக் கண்காட்சியில வாங்கினாங்க. பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தோம்."

அந்தாக்யா இருக்கும் மாகாணம் துருக்கியோடு சேர்ந்தது 1939-இல். அதற்குப் பிறகும் நெடுங்காலம் தெற்கே சிரியாவில் அச்சான வரைபடங்களில் அது தெற்கோடுதான் இருந்தது. அங்காராவில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை.

"உங்க சொந்த ஊர் எது, ரெஃபிக்?"

"அந்தாக்யா."

"அந்த ஆத்துக் கரையில பொறந்துட்டு இப்படியா எழுதினீங்க?"

எழுதிய மதியத்தில் ரெஃபிக்குக்கு அந்த ஆறு நினைவுக்கே வரவில்லை. அங்காராவில் பதினாறு வருடம் இருந்தவனுக்கு எல்லாமே அங்கிருந்து புறப்பட்டு வெளியே ஓடுவதாகத்தான் தோன்றும்.

டமாஸ்கஸோடு உடன்பாடு ஏற்பட்டது. நாற்பத்தொரு கிராமங்களை விட முடியாது. எனவே பரஸ்பரம். முப்பத்தைந்தாம் நாள், அந்தாக்யாவின் ஆற்றோரக் குடியிருப்பில் கூட்டு அளவீடு. ஐம்பதைத் தாண்டியவர் டமாஸ்கஸின் பொறுப்பு.

"பட்டியல் அவங்களுக்கு, வீடு நமக்கு" என்றார் நெவ்ஸாத் பே. "ஐம்பதுக்கு மேல காட்டினவங்களை அன்னிக்கே பஸ்ல ஏத்தி நாட்டு நடுவுல இருக்கிற கோன்யாவுக்கு அனுப்பிடணும். ஊர்ல ஆளே இல்லன்னா எதைப் பார்த்துவர ராணுவம் அனுப்புவாங்க? அதுக்குள்ள எத்தனை பேரை ஐம்பதுக்குக் கீழ இறக்க முடியுமோ இறக்குங்க. பக்கத்துல அதானா ஊர் ஆத்துத் தண்ணி லாரில வரும். நீங்க உள்ளூர்க்காரர். வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க."

"என் அக்கா அங்கதான் இருக்காங்க, ஐயா."

"நல்லதாப் போச்சு. ஓட்டல் செலவு இல்ல."

*

அக்கா பெரிஹானுக்கு வயது நாற்பத்தேழு. தையற்கடை வைத்திருந்தாள். பூகம்பத்தில் பழைய வீடு போயிற்று. அதன் பிறகு ஊர்க்கோடியில் கண்டெய்னர் வீட்டில் ஆறு வருடம் இரண்டு மாதம். ஆற்றோரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் இரண்டு அறைகள் கிடைத்துப் பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுவரில் இன்னும் ஆணி அடிக்கவில்லை. புதுச்சுவரில் ஓட்டை போட அவளுக்கு மனம் வரவில்லை.

ரெஃபிக் கருவியை நீட்டினான்.

"வாயத் திற. நாக்கைத் தூக்கு."

"வந்ததும் வராததுமா?"

"திற, அக்கா."

கருவி ஒலித்தது. அவன் பார்த்தான்.

"எண்பத்து மூணு."

"பாஸா?"

"ஐம்பதுக்குக் கீழ வரணும். இல்லன்னா கோன்யா."

"கோன்யால எனக்கு என்னடா வேலை?"

"அங்க வீடு தருவாங்க."

"என்ன வீடு?"

அவன் கருவியைத் துடைத்தான்.

"டேய், என்ன வீடுன்னு கேட்டேன். சுவர் வெச்சதா, கண்டெய்னரா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

பெரிஹான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசிகள் குத்திய திண்டு மணிக்கட்டில் இருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதை எவன் எழுதினான்?"

"நான்தான்."

"நீ நீச்சல் கத்துக்கிட்ட ஆறுடா அது. எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியாது? ரெண்டு தடவை அடிச்சுட்டுப் போச்சே, எந்தப் பக்கமா போனே? அங்காராவுக்கா?"

"அக்கா, முப்பத்தஞ்சு நாள் இருக்கு. உடம்புத் தண்ணி பத்து நாள்ல பாதி மாறிடும். லாரித் தண்ணிய மட்டும் குடி. சமைக்க, பல் விளக்க, எல்லாத்துக்கும் அதான். கண்டிப்பா இறங்கும்."

"இறங்கலன்னா?"

"இறங்கும்."

"நான் இந்த வீட்ட விட்டு இறங்க மாட்டேன். அதை மட்டும் எழுதிக்கோ."

லாரி மறுநாள் வந்தது. தண்ணீரில் ரப்பர் குழாயின் வாடை அடித்தது. தெருவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கேன். வரிசையில் நின்றவர்கள் ரெஃபிக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"போன வாரம் வரைக்கும் என்னைத் துருக்கியன்னு சொன்னாங்க."

"ஒனக்குப் பரவாயில்ல. என் பொண்டாட்டி அம்பத்தி எட்டு, நான் நாப்பத்தி ஒன்பது. ஒரே கட்டில்ல ரெண்டு நாடு."

"பாஸ்போர்ட் வெச்சுக்கிட்டுத் தூங்கு."

முதல் வாரத்தில் பெரிஹானின் எண் எழுபதுக்கு வந்தது. பிறகு அறுபத்தாறு. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் நாளும் அறுபத்தாறு. ரெஃபிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாற்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, உண்மையச் சொல்லு. என்ன குடிச்சே?"

"லாரித் தண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"டீ?"

"டீ எல்லாம் ஒரு கணக்கா?"

"எங்க குடிச்சே?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். துணி அளவெடுக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு போகிறாள். வீட்டுக்கு இரண்டு குவளை. சில வீட்டில் மூன்று.

"அவங்களும் லாரித் தண்ணிலதானே போடறாங்க?"

பெரிஹான் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"லாரித் தண்ணில டீ நிறம் எறங்குமாடா? ரப்பர் வாடை வேற. அவங்க குடிக்கிறதுக்கு லாரித் தண்ணி. விருந்தாளிக்கு மட்டும் ஆத்தங்கரைக் கெணத்துத் தண்ணி."

ரெஃபிக் அப்போதுதான் புரிந்துகொண்டான். தெருவில் எல்லோரும் அரசுக்குக் கீழ்ப்படிந்தார்கள். தங்கள் வீட்டில். விருந்தாளிக்கு மட்டும் யாரும் மட்டமான தண்ணீரில் தேநீர் வைக்கவில்லை. தெருவிலோ, எல்லோரும் யார் வீட்டுக்காவது விருந்தாளி.

"வேண்டாம்னு சொல்லிடேன்."

"யார்கிட்ட? மக்பூலேகிட்டயா? புருஷன் செத்துப் பதினோரு நாள் ஆகுது. அவ டீயோட வரும்போது, எனக்கு அங்காரா அனுமதிக்கலன்னு சொல்லவா?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"சொன்னா புதினா போட்டுக் கொண்டுவருவா. அதுவும் கெணத்துத் தண்ணிதான்."

உண்மையில் ரெஃபிக்குக்கே அந்தத் தொல்லை இருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல அவன் வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் தேநீர் வந்தது. முதல் குவளையை மறுத்தால் வீட்டை மறுத்தது போல. இரண்டாவதை மறுத்தால் முதலாவது நன்றாயில்லை என்று பொருள். மூன்றாவதற்குப் பிறகு கரண்டியைக் குவளைமேல் குறுக்கே வைக்கலாம். அப்போது போதும் என்று புரிந்துகொள்வார்கள். சிலர் அதற்கும் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஊற்றினார்கள். அவன் குடித்தபடியே கிணற்றின் தீங்கை விளக்கினான். அவர்கள் தலையாட்டினார்கள்.

அன்று மாலை அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

"இனிமே நீ போற வீட்டுக்கெல்லாம் நானும் வரேன்."

"எதுக்கு?"

"வாங்கிக்கோ. உதட்டுல வை. அவங்க அந்தப் பக்கம் திரும்பும்போது குவளைய மாத்திக்கலாம். உன்னோடதையும் நான் குடிச்சுடறேன்."

"நீ என்ன ஒட்டகமா?"

"வீடு வேணுமா, வேண்டாமா?"

முதலில் மக்பூலே வீட்டுக்குப் போனார்கள். ஐம்பது வயது, பருத்த உடல், கறுப்புத் தலைத்துணி. துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்தபடியே இருந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரோடும் அவளும் ஒரு குவளை எடுத்துக்கொண்டாள். விருந்தாளி தனியாகக் குடிப்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பெரிஹான் குவளையை வாயருகே கொண்டுபோனாள். மக்பூலே சர்க்கரை எடுக்கத் திரும்பினாள். ரெஃபிக் தன் காலிக் குவளையை அக்காவிடம் தள்ளினான், நிறைந்ததை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினான். நாக்கு வெந்தது. கண்ணில் நீர் வந்தது.

மக்பூலே பார்த்துவிட்டாள்.

"ரெஃபிக் தம்பி, அழாதே. அவருக்கு உன்மேல ரொம்பப் பிரியம்."

"ஆமாக்கா."

"சின்ன வயசுல எங்க தோட்டத்துல மாதுளையா திருடுவே."

"ஆமாக்கா."

"அங்காராவுல டீயே கெடைக்காதா? இப்படிக் குடிக்கிறியே."

"இந்த மாதிரி கெடைக்காது."

"பாவம்" என்று அவள் இரண்டு குவளைகளையும் மறுபடி நிரப்பினாள். தன்னுடையதையும்.

வழி பலித்தது, மெதுவாகத்தான்; ரொட்டியிலும் காய்கறியிலும் இருந்தது ஆற்றுத் தண்ணீரே. பதினாறாம் நாள் அறுபது. இருபதாம் நாள் ஐம்பத்தாறு. ரெஃபிக் ஒரு நாளைக்கு முப்பது குவளை குடித்தான். வயிறு உப்பியது. தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் கழிவறை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்காராவில் ஜன்னல் உள்ள அறையில் இருந்தபோது அவன் யாருக்காகவும் எதையும் இவ்வளவு முயற்சியோடு செய்ததில்லை. எண் இறங்கும்போதெல்லாம் பெரிஹான் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

இருபத்தெட்டாம் நாள் ஐம்பத்திரண்டு. முப்பத்திரண்டாம் நாள் நாற்பத்தொன்பது.

அன்று அவள் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். மாட்ட ஒன்றும் இல்லை. சும்மா அடித்தாள்.

*

முப்பத்தைந்தாம் நாள் பள்ளிக்கூட முற்றத்தில் மேசை போட்டார்கள். துருக்கித் தரப்பில் நெவ்ஸாத் பே நேரில் வந்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து குதைபா என்று ஒருவர். ஒல்லியான மனிதர், படித்தது விவசாயம். கோட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது. அரபியில் பேசினார். தெருவில் எல்லோருக்கும் அது புரிந்தது. நெவ்ஸாத் பேவுக்கு மட்டும் ஒருவர் மொழிபெயர்த்தார். மேசையில் யாரும் எதையும் குடிக்கவில்லை. முற்றத்துக்கு வெளியே ஒரு பஸ் நின்றது.

வரிசை நகர்ந்தது. வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். நாற்பத்திநாலு. முப்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. அந்த ஆள் ரொட்டிக்கடைக்காரர். அவர் கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைக்கச் சொன்னார். நெவ்ஸாத் பே பஸ்ஸைக் காட்டினார்.

பெரிஹான் வந்தாள். நாற்பத்தெட்டு. அவள் வாயை மூட மறந்து நின்றாள். ரெஃபிக் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான்.

அடுத்து, கையில் ஒரு பையோடு மக்பூலே. அறுபத்து மூன்று.

"தப்பு" என்றாள் அவள். "நான் லாரித் தண்ணிதான் குடிச்சேன். தம்பிகிட்ட கேளுங்க, அவன்தான் தினம் வீட்டுக்கு வந்தான்."

எல்லோரும் ரெஃபிக்கைப் பார்த்தார்கள். அவன் எத்தனை நாள் போனான் என்று அவனுக்குத் தெரியும். இருபத்து மூன்று நாள். போன ஒவ்வொரு நாளும் அவள் மூன்று குவளை எடுத்துக்கொண்டாள், அவனுக்குத் துணையாக. அவன் மேசையில் இருந்த தாளைப் பார்த்தான்.

"அறுபத்து மூணுதான் காட்டுது, அக்கா" என்றான்.

மக்பூலே பஸ்ஸை நோக்கி நடந்தாள். பாதியில் நின்று, வீட்டைப் பூட்டவில்லை என்றாள். பூட்டத் தேவையில்லை என்றார் ஒரு சிப்பாய்.

மாலையில் பதினேழு பேர் பஸ்ஸில் இருந்தார்கள். நெவ்ஸாத் பே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினேழு. அங்காராவில் இதை வெற்றி என்று எழுதலாம்.

குதைபா தாளைப் புரட்டினார்.

"முந்நூற்றுப் பதிமூணு பேர். ஒருத்தர் பாக்கி."

"பன்னிரண்டு" என்றார் நெவ்ஸாத் பே.

"உங்க லாரிப் பதிவேடு ஐயா. தண்ணி வாங்கினவங்க முந்நூற்றுப் பதிமூணு." அவர் விரலை வைத்துப் படித்தார். "ரெஃபிக். பெரிஹான் வீட்டு விலாசம். முப்பத்தோரு நாளா."

ரெஃபிக்குக்கு நினைவு வந்தது. அக்காவுக்கு இன்னொரு கேன் வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு கேன்தான் என்று லாரிக்காரன் சொன்னான். அவன் தன் பெயரையும் எழுதிவிட்டான்.

"நான் இங்க வேலையா வந்தவன்" என்றான்.

"தெரியும்" என்றார் குதைபா. "நாக்கைத் தூக்குங்க."

ரெஃபிக் நெவ்ஸாத் பேவைப் பார்த்தான். அந்த முப்பத்தைந்து நாளில் முந்நூறு வாயில் அவன் கருவியை வைத்திருந்தான். தன் வாயில் ஒருமுறையும் வைக்கவில்லை. அப்படி வைக்கலாம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"வெச்சுடுங்க ரெஃபிக்" என்றார் நெவ்ஸாத் பே. "நீங்க குடிக்கிறது அங்காராத் தண்ணி. ஒரு நிமிஷ வேலை."

கருவி ஒலித்தது. குதைபா பார்த்தார். மேசைமேல் வைத்தார், எல்லோருக்கும் தெரியும்படி.

எழுபத்தொன்று. அன்றைய அளவீட்டில் அதுதான் அதிகம்.

"கருவி கெட்டுப்போச்சு" என்றான் ரெஃபிக்.

"உங்க கருவிதான்" என்றார் குதைபா. அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

நெவ்ஸாத் பே ரெஃபிக்கைத் தனியே அழைத்தார். தோளில் கை வைத்தார். அதுவரை அவர் அப்படி வைத்ததில்லை.

"நான் உங்களை விட்டுட்டேன்னு வெச்சுக்கோங்க. அது விதிவிலக்கு. நாளைக்கு நாற்பத்தொரு கிராமமும் விதிவிலக்கு கேட்கும். கேட்காதா?"

"ஐயா, நான் எழுதினது இது."

"அதனாலதான் சொல்றேன். உங்களுக்குப் புரியும். அடையாள அட்டையக் கொடுத்துடுங்க. அவங்க பொறுப்புல இருக்கிற ஒருத்தர் நம்ம மாடியில உட்கார முடியாது."

பெரிஹான் குறுக்கே வந்தாள். "என்னை அனுப்புங்க. அவன் குடிச்சது என் டீ."

"உங்க எண் என்னம்மா?"

"நாற்பத்தெட்டு."

"வாழ்த்துகள்" என்றார் நெவ்ஸாத் பே.

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன்ன குடிக்கச் சொன்னேனாடா? சொன்னேனா? அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிடா உட்காருவேன்?"

"உட்காரு" என்றான் அவன். "கஷ்டப்பட்டு வாங்கினது." அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

பஸ் படியருகே குதைபா நின்றிருந்தார். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"ரெஃபிக் பே, இனிமே நீங்க எங்க பொறுப்பு."

"எங்களுக்கு என்ன செய்வீங்க?"

"நாங்களா?" குதைபா தாள்களை அடுக்கினார். "உங்க பன்னிரண்டு பத்தியையும் மூணு தடவை படிச்சேன். பொறுப்பு, பொறுப்புன்னு நாற்பது இடத்துல வருது. பொறுப்பானவங்க என்ன செய்யணும்னு ஒரு இடத்துலயும் இல்லையே."

அவர் கை குலுக்கிவிட்டுப் போனார்.

*

பஸ் மலைப்பாதையில் ஏறியது. ரெஃபிக் நடுவில் உட்கார்ந்திருந்தான். முன் இருக்கையில் மக்பூலே. யாரும் அவனைத் திட்டவில்லை. பஸ்ஸில் தானும் ஒருவனாக ஏறிய ஆளைத் திட்டுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க சட்டம் படிச்சவர். கோன்யாத் தண்ணிய குடிச்சா இது எறங்கிடும்தானே?"

"எறங்கிடும்."

"எத்தனை நாள்ல?"

"பத்து நாள்ல எல்லாரும் ஐம்பதுக்குக் கீழ வந்துடுவோம்."

பஸ்ஸில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். பின்னால் ஒருத்தி, அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தேன், பதினோராம் நாள் போய் இறக்கிக்கொள்கிறேன் என்றாள். மக்பூலே தன் இருக்கையில் முழுதாகத் திரும்பி அமர்ந்தாள்.

"அப்ப பதினோராம் நாள் நம்மள மறுபடி அளந்து திருப்பி அனுப்பிடுவாங்க. அப்படித்தானே, தம்பி?"

ரெஃபிக் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஒன்பதாம் பத்தி அவனுக்கு மனப்பாடம். அதை எழுதியபோது நாற்பத்தொரு கிராமங்களை நினைத்துக்கொண்டுதான் எழுதினான். அணையை மூடினால் அவர்கள் வேறு தண்ணீர் குடிப்பார்கள். எண் இறங்கும். இறங்கினால் கை நழுவிப் போவார்கள். அதற்கு இடம் வைக்கக்கூடாது.

"மறுபடி அளக்கிறது இல்லக்கா."

"ஏன்?"

"ஒரு தடவை பட்டியல்ல ஏறினதுதான் முடிவு. சாகிற வரைக்கும்."

"எவன் அப்படிப் போட்டான்?"

"நான்தான்."

பாதை இரண்டு முறை வளைந்தது. மக்பூலே முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அவள் மடியிலிருந்த பையைத் திறந்தாள். துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று காலையில் போட்டு வைத்திருந்த பெரிய பிளாஸ்க். அவர்களெல்லாம் இன்று வரிசையில்தான் நிற்பார்கள் என்று, சிறு குவளைகளையும் துணியில் சுற்றி முற்றத்துக்கே எடுத்து வந்திருந்தாள். எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, பின் வரிசையிலிருந்து தொடங்கினாள். பஸ் குலுங்கியது. ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள். ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுத்தாள். ஓட்டுநருக்குக் கொடுத்தாள். காவலுக்கு வந்த சிப்பாய்க்கும் கொடுத்தாள். அவன் முதலில் தயங்கினான், பிறகு வாங்கிக்கொண்டான்.

ரெஃபிக்கின் இருக்கைக்கு அருகே வந்தாள். அவன் கையை நீட்டினான்.

பிளாஸ்க்கில் இன்னும் இருந்தது. அவள் ஆட்டிப் பார்த்தபோது சத்தம் கேட்டது. மூடியை இறுக்கித் திருகினாள், பையில் வைத்தாள், தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.